'குரோ' என்றால் 'வளர்' மட்டும்தானா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் கேட்டது இது: "ஆங்கில அகராதியில் 'குரோ' என்றால் வளர் என்று இருக்கிறது. ஆனால் 'தி டேஸ் குரோ ஷார்ட்டர்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. பகல் குறைவது எப்படி வளர்வதாகும்? இன்னொன்று. 'குரோ'வை இறந்தகாலத்தில் 'குரூ' ஆக்கி, 'மை கிராண்ட்மதர் குரூ மீ' என்று எழுதினேன். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். என்னை வளர்த்தது பாட்டிதானே? இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?"

பாட்டி வாக்கியம் தப்புதான். ஆனால் கவனக்குறைவால் வந்த தப்பு இல்லை அது. தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் தப்பு வரும். இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். இந்த இடத்தில் தடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் போய், "நீங்கள் நெல் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். "குறுவைக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். நெல் போடுவார்கள், உளுந்து தெளிப்பார்கள், வாழை வைப்பார்கள், கரும்பு நடுவார்கள். எழுத்துத் தமிழில் பயிரிடுவது, சாகுபடி செய்வது, விளைவிப்பது. நெல் 'விளையும்', 'வளர்ப்பது' கிடையாது. அதே விவசாயி கொல்லையில் ஆடு வளர்ப்பார், கோழி வளர்ப்பார், குட்டையில் மீன் வளர்ப்பார். வாசலில் ஒரு செம்பருத்தி இருந்தால் அதையும் வளர்ப்பார். ஆக, தமிழில் 'வளர்த்தல்' என்றால் தினம் போய்ப் பார்க்க வேண்டும், ஊட்ட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். செம்பருத்திக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றுகிறோம், அதனால் அது வளர்ப்பு. ஒரு ஏக்கர் நெல்லை அப்படி யாரும் தனித்தனியாகக் கொஞ்சுவதில்லை.

ஆங்கிலத்தில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. நெல்லுக்கு 'குரோ', தக்காளிக்கு 'குரோ', ரோஜாவுக்கும் 'குரோ'. ஆடு, கோழி என்று வந்தால் 'ரெய்ஸ்'. தேனீ என்றால் 'கீப்'. பட்டுப்புழு என்றால் 'ரியர்'. பிள்ளை என்றால் 'பிரிங் அப்' அல்லது 'ரெய்ஸ்'. நமக்கு ஆடும் பிள்ளையும் செம்பருத்தியும் ஒரே வினைக்குள் வருகின்றன, நெல் வெளியே நிற்கிறது. அவர்களுக்கு நெல்லும் செம்பருத்தியும் ஒரே பக்கம், ஆடும் பிள்ளையும் வெளியே. அதனால் 'என் பாட்டி குரூ மீ' என்று ஓர் ஆங்கிலேயர் படித்தால், பாட்டி தொட்டியில் மண் நிரப்பி உங்களை நட்டு வைத்த மாதிரி ஒரு படம் அவர் மனதில் வரும். இலக்கணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் படம்தான் இடிக்கிறது.

ஏன் அப்படி? அந்தச் சொல் பிறந்ததே செடிகொடிகளுக்காக. பச்சை நிறத்தைக் குறிக்கும் 'கிரீன்', புல்லைக் குறிக்கும் 'கிராஸ்', 'குரோ' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'குரோவன்'. பெரும்பாலும் துளிர்ப்பது, தழைப்பது, பச்சை பிடிப்பது என்ற பொருளில்தான் புழங்கியது. மனிதரும் விலங்கும் வளர்வதற்கு வேறு வினை இருந்தது: 'வெயக்ஸன்'. அதுதான் பிறகு 'வாக்ஸ்' ஆனது. ஜெர்மன் மொழியில் இன்றும் வளர்வதற்கு 'வாக்சன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த 'வாக்ஸ்' மெல்ல மெல்லத் தேய்ந்து, இப்போது நிலாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'வாக்ஸிங் மூன்' என்றால் நம் வளர்பிறை. மெழுகுக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி மட்டும் ஒன்று. மனிதர்களின் வளர்ச்சியையும் செடிகளின் வினையே வந்து எடுத்துக்கொண்டது.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒரே வரியில் பார்க்க வேண்டுமானால், 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரம் 40ஆம் வசனத்தைப் பாருங்கள். குழந்தை இயேசுவைப் பற்றி 'தி சைல்டு குரூ, அண்ட் வாக்ஸ்டு ஸ்ட்ராங் இன் ஸ்பிரிட்' என்று இருக்கும். இரண்டு வினையும் ஒரே வாக்கியத்தில். முதலாவது உடல் வளர்வது. இரண்டாவது 'பலமாக ஆவது'. தமிழ் வேதாகமத்தில் 'பிள்ளை வளர்ந்து, ஆவியிலே பெலன்கொண்டு' என்று வரும். இரண்டாவது இடத்தில் தமிழ் 'வளர்' போடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'கொள்' என்ற வினையை வைத்துச் சமாளித்திருக்கிறது. பின்னாளில் 'வாக்ஸ்' ஒதுங்கியபோது, அந்த 'ஆவது' என்ற வேலையும் 'குரோ'வின் தலையில் விழுந்தது. உங்கள் பகல் குறையும் வாக்கியத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

'தி டேஸ் குரோ ஷார்ட்டர்' என்பதில் 'குரோ'வுக்குப் பெரிதாவது என்ற பொருள் இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மெல்ல மாறுவது, அவ்வளவுதான். செடி வளர்வதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. நேற்று இருந்ததையும் இன்று இருப்பதையும் வைத்துத்தான் வளர்ந்தது என்கிறோம். அந்த மெதுவை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவை விட்டுவிட்டார்கள். அதனால் ஆங்கிலத்தில் ஒரு பொருள் சிறிதாகவும் 'குரோ' ஆகலாம், சத்தம் அடங்கவும் 'குரோ' ஆகலாம்.

இந்தப் பொருளைத் தமிழில் சொல்ல நமக்கு ஒரே சொல் கிடையாது. அதற்குப் பதில் அருமையான வழிகள் இருக்கின்றன. 'இட் குரூ டார்க்': இருட்டிக்கொண்டு வந்தது. 'தி காபி குரூ கோல்டு': காபி ஆறிப்போயிற்று. 'ஷி குரூ டயர்டு ஆஃப் இட்': அவளுக்கு அலுத்துவிட்டது. 'ஹி குரூ சைலன்ட்': அவன் பேச்சு மெல்ல அடங்கியது. 'மை ஃபாதர் இஸ் குரோயிங் ஓல்டு': அப்பாவுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. 'கொண்டு வா', 'போ', 'விடு' என்ற துணைவினைகளும், 'போகப் போக', 'நாளாக நாளாக', 'வர வர' என்ற அடுக்குகளும்தான் நம் 'குரோ'. 'வர வர மாமியார் கழுதை போல் ஆனாளாம்' என்ற பழமொழியில் அந்த 'வர வர' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'குரோ' செய்யும்.

மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். 'அவனுடைய பயம் வளர்ந்தது', 'அவள் கோபமாக வளர்ந்தாள்' என்றெல்லாம் எழுதப்பட்டதை நான் திருத்தியிருக்கிறேன். பயம் வளர்ந்தது என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கோபமாக யாரும் வளர்வதில்லை. 'கோபம் ஏறிக்கொண்டே போனது' என்றால் தீர்ந்தது.

தேர்வுக்குப் படிப்பவர் என்பதால் இதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். ஆவது என்பதற்கு ஆங்கிலத்தில் 'கெட்', 'டர்ன்', 'கோ', 'பிகம்' எல்லாம் உண்டு. சட்டென்று முகம் வெளுத்தால் 'டர்ன்டு பேல்'. பால் கெட்டுப்போனால், ஆள் வழுக்கையானால் 'கோ'. பெரும்பாலும் திரும்பி வராத கெடுதலுக்கு அது. 'குரோ' எப்போதும் மெதுவானது, எழுத்துவாடை கொஞ்சம் உள்ளது. பேச்சில் 'கெட்டிங் ஓல்டு' என்பார்கள், எழுத்தில் 'குரோயிங் ஓல்டு' என்பார்கள். ஒரு முக்கியமான தடை: 'குரோ'வுக்குப் பின் பெயரடை வரலாம், பெயர்ச்சொல் வந்தால் பொருள் மாறிவிடும். 'ஹி பிகேம் எ டாக்டர்' சரி. 'ஹி குரூ எ டாக்டர்' என்று எழுதினால் அவன் ஒரு டாக்டரைப் பயிரிட்டான் என்றாகிவிடும். 'ஹி குரூ இன்டு எ ஃபைன் யங் மேன்' என்று நடுவில் 'இன்டு' போட்டால் சரியாகும். அப்புறம், 'குரோ டு லைக்', 'குரோ டு டிரஸ்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. நாளடைவில் பிடித்துப்போவது, நம்பிக்கை வருவது. மனநிலையைச் சொல்லும் வினைகளோடுதான் இது சேரும். 'குரூ டு ஈட்' என்று யாரும் சொல்வதில்லை.

'குரோ'வும் 'குரோ அப்'பும் வேறு வேறு. மல்லிகை மதுரையில் 'குரோ' ஆகிறது, நீங்கள் மதுரையில் 'குரோ அப்' ஆனீர்கள். 'ஐ குரூ இன் மதுரை' என்று நேர்காணலில் சொன்னால் எதிரில் இருப்பவர் மல்லிகையைத்தான் நினைப்பார். 'பிறந்து வளர்ந்தது மதுரை' என்று நாம் சொல்கிற அந்த 'வளர்ந்தது', குழந்தையாக இருந்து ஆளாவது. அதற்கு 'அப்' கட்டாயம். திட்டும்போதும் அதுதான். சின்னப்பிள்ளை மாதிரி நடந்துகொள்பவரைப் பார்த்து 'குரோ அப்!' என்பார்கள். பெரியவருக்கு 'குரோன்-அப்' என்ற பெயர் இதிலிருந்து வந்தது. இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 'அடல்ட்' என்ற சொல்லும் இதே கதைதான். லத்தீனில் 'வளர்ந்து முடிந்தவர்' என்று பொருள். வளர்ந்துகொண்டிருப்பவர் 'அடோலசன்ட்'. ஒரே வினையின் இரண்டு காலங்கள்.

லத்தீன் என்று வந்ததால் ஒரு சிறு விலகல். பிறைக்கு ஆங்கிலத்தில் 'கிரெசன்ட்' என்று பெயர். அதன் மூலப்பொருள் 'வளர்ந்துகொண்டிருக்கிற' என்பது. 'கிரெசெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'இன்க்ரீஸ்', 'டிக்ரீஸ்' இரண்டும் அதன் பிள்ளைகள். கப்பல் ஊழியர்களைக் குறிக்கும் 'குரூ'கூட அதே குடும்பம்தான், 'படைக்குச் சேர்த்த கூடுதல் ஆட்கள்' என்று தொடங்கியது. எழுத்தில் 'குரோ'வின் இறந்தகாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தாலும், அதற்கும் இதற்கும் வேர் வேறு. நாம் வளர்பிறை என்று சொல்வதைப் போலவே ரோமர்களும் நிலாவை 'வளர்கிற' என்ற வினையால் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

சரி, 'குரோ இன்டு', 'குரோ அவுட் ஆஃப்' இரண்டுக்கும் வருவோம். அகராதி வேண்டாம், ஜூன் மாதம் ஏதாவது ஒரு ஜவுளிக்கடைக்குப் போங்கள். பள்ளிச் சீருடை எடுக்க வந்த அம்மா, பையனின் முதுகில் சட்டையை வைத்துப் பார்ப்பார். தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கிக் கிடக்கும். "வளர்ற பிள்ளை, இதுவே இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு வரிக்கு ஆங்கிலம் 'ஹி வில் குரோ இன்டு இட்'. தையற்காரரிடம் கொடுத்தால் அவர் கால்சட்டையின் அடியில் மூன்று விரல் அளவு உள்ளே மடித்துத் தைத்து, "அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். அந்த மடிப்பைப் பிரிக்கும்போது பழைய மடிப்பு இருந்த இடத்தில் துணி கொஞ்சம் அடர்த்தியான நீலமாக ஒரு கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். பிரிக்க இனி மடிப்பே இல்லை, கணுக்கால் தெரிகிறது என்றால் 'ஹி ஹேஸ் குரோன் அவுட் ஆஃப் இட்'. சட்டை பத்தவில்லை என்று நாம் சட்டையின் மேல் பழியைப் போடுகிறோம். அவர்கள் பையனை எழுவாயாக வைக்கிறார்கள். ஒரே சொல்லில் 'அவுட்குரோ' என்றும் சொல்லலாம். உடைக்கு மட்டும் இல்லை. விரல் சூப்புவது, இருட்டைக் கண்டால் பயப்படுவது எல்லாம் வயதானால் தானாக விட்டுப்போகும் அல்லவா? அதற்கும் இதுதான். 'ஹி வில் குரோ அவுட் ஆஃப் இட்' என்று டாக்டர் சொன்னால், மருந்து வேண்டாம், வளர வளரச் சரியாகிவிடும் என்று பொருள்.

'குரோ ஆன்' கொஞ்சம் வழுக்கும். 'தி சாங் குரூ ஆன் மீ' என்பதில் வளர்வது பாட்டு, அது வளர்கிற இடம் நான். தமிழில் நேர் எதிராக நம்மை மையமாக வைத்து, 'கேட்கக் கேட்கப் பிடித்துப்போயிற்று' என்போம். முதலில் பிடிக்கவில்லை என்ற சங்கதி இதில் ஒளிந்திருக்கிறது, அதை மறக்கக் கூடாது. பாகற்காய் பிடித்துப்போவது 'குரோ ஆன்'. மாம்பழத்துக்கு அந்தச் சொல் தேவையே இல்லை, முதல் கடியிலேயே பிடித்துவிடும். 'குரோ அபார்ட்' என்பதும் இப்படித்தான், சண்டை இல்லாத பிரிவு. ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் ஆளுக்கொரு பக்கம் போவதுபோல. 'நாளடைவில் ஒட்டுதல் விட்டுப்போயிற்று' என்பதைவிட நெருக்கமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'மணி டசன்ட் குரோ ஆன் ட்ரீஸ்' என்று அவர்கள் சொல்வதை நம் வீட்டில் தினம் கேட்கிறோம்: "பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" பாருங்கள், அங்கே வளர்கிறது, இங்கே காய்க்கிறது. ஆங்கிலம் 'குரோ' ஒன்றை வைத்துச் சமாளிக்கிற இடங்களில் தமிழ் தனித்தனி வினை வைத்திருக்கிறது. பல் முளைக்கும், மீசை அரும்பும், கொடி படரும், மரம் ஓங்கும், கிளை தழைக்கும், கூட்டம் சேரும், கடன் ஏறும், ஜனத்தொகை பெருகும். இவை எல்லாவற்றுக்கும் 'வளர்' என்று எழுதினால் தப்பு சொல்ல முடியாது, ஆனால் வாக்கியம் சப்பென்று போகும். இந்த வினைகளைக் கைவிடாதீர்கள் என்று என்னிடம் படிப்பவர்களிடம் நான் கெஞ்சாத குறை.

மறுபக்கமும் இருக்கிறது. நம் 'வளர்' போகிற சில இடங்களுக்கு 'குரோ' வராது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தது மதுரை. இதில் 'குரூ தமிழ்' என்று போட முடியாது, 'நர்ச்சர்' அல்லது 'ஃபாஸ்டர்' என்றுதான் போக வேண்டும். வேள்வித் தீ வளர்ப்பார்கள். 'பேச்சை வளர்க்காதே' என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள், பகையை வளர்ப்பார்கள். தாலாட்டில் 'கண்வளராய்' என்றால் தூங்கு என்று பொருள். இதில் எதற்கும் அந்த ஆங்கில வினை உதவாது. தொழிலை வளர்த்தார் என்பது நமக்கு எந்தக் காலத்திலும் இயல்பான வாக்கியம். ஆனால் ஆங்கிலத்தில் 'குரோ தி பிசினஸ்' என்றால் இன்றும் சிலர் முகம் சுளிப்பார்கள். செயப்படுபொருளோடு பயிரை 'குரோ' செய்வதே அங்கே 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1992 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் பில் கிளின்டன் 'குரோ தி எகானமி' என்று பேசியபோது, பொருளாதாரம் என்ன தக்காளியா என்று மொழிநடையைக் காவல் காக்கிறவர்கள் கேட்டார்கள். இப்போது வணிக ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது. தேர்வில் எழுதலாம், பயம் வேண்டாம்.

எண்கள் வரும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. 'குரூ பை 10' என்றால் பத்து கூடியது. 'குரூ டு 10' என்றால் கூடிப் பத்தாக ஆனது. 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழகத்தின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது என்பது 'பை'. வளர்ச்சி விகிதம் என்பதும் எவ்வளவு கூடியது என்ற இந்த 'பை'தான். இது புரிந்தால் வளர்ச்சி விகிதம் குறைந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பொருளாதாரமே சுருங்கிவிட்டது என்று நினைக்க மாட்டீர்கள். முன்னைவிட மெதுவாக, ஆனால் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது தேர்வுக்காக இல்லை. 'குரோத்' என்ற பெயர்ச்சொல்லுக்கு மருத்துவத்தில் வேறு பொருள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஸ்கேன் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். "வயித்துல ஒரு குரோத் இருக்குன்னு சொன்னாங்க சார். வளர்ச்சின்னா நல்லதுதானே?" என்று கேட்டார். அந்தத் தாளை அவர் இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வியர்வை படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். 'குரோத்' என்றால் அங்கே கட்டி, இருக்கக் கூடாத இடத்தில் உண்டான தசை. அது ஆபத்தானதா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை, அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். அதை அவரிடம் மெல்லச் சொல்லி, மறுநாள் அவரோடு நானும் போனேன். மருத்துவமனையில் நோயாளியிடம் பேசுகிறவர்கள் 'கட்டி' என்ற தமிழ்ச் சொல்லைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று அன்று எனக்குக் கோபமே வந்தது.

இனி உங்கள் பாட்டி. இரண்டு விதமாக எழுதலாம். 'ஐ குரூ அப் வித் மை கிராண்ட்மதர்' என்பது ஒன்று. இலக்கணப்படி குறையே இல்லை. ஆனால் அதில் வளர்ந்தவர் நீங்கள், பாட்டி அந்த வீட்டில் உடன் இருந்தவர், அவ்வளவுதான். 'மை கிராண்ட்மதர் பிராட் மீ அப்' என்பது இன்னொன்று. இதில் எழுவாய் பாட்டி, வேலை பாட்டியுடையது. தலைவாரிவிட்டதும், காய்ச்சலில் கண்விழித்ததும், பள்ளிக்கூட வாசல் வரை வந்ததும் அந்த வினைக்குள் இருக்கிறது. சிவப்பு மையில் சுழித்த இடத்தில் இரண்டாவதை எழுதுங்கள்.